வெயில் படுத்த வீடு

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்கள் கடலைத் தொட்டுக்கொண்டு கிடக்கிற இடத்தில், அளத்தடி என்று ஓர் ஊர் இருந்தது. மரம் என்று சொல்ல அங்கே நாலைந்து உடைமரங்கள்தான் உண்டு. மற்றபடி காலையில் கடலிலிருந்து எழுந்து வருகிற வெயில் யாரையும் கேட்காமல் ஊருக்குள் நுழைந்து, பாத்திகளில் இறங்கி, தண்ணீரைக் குடித்து, உப்பை அங்கேயே விட்டுவிட்டு, சாயங்காலம் மேற்கே போய் மறைகிறவரைக்கும் ஊர் அதனுடையதாகவே இருந்தது. வெயில் காய்ந்தால்தான் உப்பு விளையும், உப்பு விளைந்தால்தான் அடுப்பு எரியும் என்பதால் அளத்தடியில் யாரும் வெயிலைத் திட்டுவதில்லை. உள்ளங்கால் வெடித்தாலும் கண் கூசிக் கூசிப் பார்வை மங்கினாலும் தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "இன்னைக்குக் கொஞ்சம் கூடுதல்தான்" என்று மட்டும் சொல்லிக்கொள்வார்கள்.

சந்தனமாரி ஒருத்திதான் திட்டினாள். அவள் புருஷன் பாக்கியமுத்து போன வருஷம் கத்திரி வெயிலில், வாருபலகையால் உப்பை இழுத்து வரப்போரம் ஒதுக்கிக்கொண்டிருந்தபோது, கண்முன்னால் எல்லாம் வெள்ளையாகத் தெரிகிறது, மோட்டார் ரூமில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்று கங்காணி தங்கப்பழத்திடம் கேட்டார். இந்தப் பாத்தியை முடித்துவிட்டுப் போ என்றார் கங்காணி. பாத்தி முடிவதற்குள் பாக்கியமுத்து முகம் குப்புற உப்புத்தண்ணீரில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் திரும்பி வந்தவர் பழைய ஆளாக இல்லை. பேச்சு ஒன்றிரண்டு சொல்லாகச் சுருங்கிப்போனது. கை நடுங்கியது. கதவிடுக்கு வழியாக ஒரு கீற்று வெயில் தரையில் விழுந்தால்கூடக் காலை மடக்கி இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார். பொழுது இருக்கும்போது வாசலைத் தாண்டுவதே இல்லை. உடம்பைக் குளிர்ச்சியாக வைத்திருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீட்டில் அதை எப்படிச் செய்வது என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. ஈரச்சேலையை அவர்மேல் போர்த்துவாள், அது காய்வதற்குள் இன்னொன்றை நனைப்பாள், நனைத்துக்கொண்டே கூரையை அண்ணாந்து பார்த்து வெயிலை வாய்க்கு வந்தபடி ஏசுவாள்.

அவர்கள் மகள் ரேவதி டவுனில் ஒரு சோலார் கடையில் வேலை பார்த்தாள். ஊரார் வீட்டு மாடிகளில் ஏறித் தகடு மாட்டுவதுதான் அவள் வேலை. இந்த வருஷம் பங்குனி கடைசியில் அவள் ஒரு குட்டியானை வண்டியில் நாலு தகடுகளும் இரண்டு பெட்டிகளும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். பெட்டிகளில் இருந்தது கடையில் பார்வைக்கு வைத்திருந்த ஏசி, மூடியில் ஒரு கீறல் விழுந்திருந்தது.

"இது சோலாருக்குன்னே செஞ்சதும்மா. வெயில் அடிக்கும்போது வெயில்லயே ஓடும். வெயில் குறைஞ்சா தானா கரண்டுக்கு மாறிக்கிடும். வெளிய எவ்வளவுக்குக் காயுதோ அவ்வளவுக்கு உள்ள குளிரும்."

"அப்போ அவுகளை அடிச்சுப் போட்டவனையே கூப்பிட்டு விசிறச் சொல்லுத."

"அப்படித்தான் வச்சுக்கயேன்" என்றாள் ரேவதி.

பெட்டியை மாட்டுவதற்கு முன்னால் அவள் வீட்டைச் சரி செய்தாள். கூரைமேல் வெள்ளைச் சுண்ணாம்பை இரண்டு கை பூசினாள். உள்ளே கூரைக்கடியில் தெர்மாகோல் பலகைகளை வரிசையாகக் கட்டி, அதன் கீழே பனையோலைப் பாயை இழுத்துத் தைத்தாள். சுவருக்கும் கூரைக்கும் நடுவில் குருவி போய்வந்த இடைவெளிகளைச் சிமெண்டு வைத்து அடைத்தாள், குளிர்ச்சி எறும்பு மாதிரி, ஓட்டை இருந்தால் போய்விடும் என்றாள். ஆஸ்பெஸ்டாஸ் பாரம் தாங்காது என்று தகடுகளை வீட்டுக்குப் பக்கத்தில் இரும்புக்கால் நட்டு அதன்மேல் தெற்கே பார்த்துச் சாய்த்து நிறுத்தினாள். உள்பெட்டி பாக்கியமுத்துவின் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் ஏறியது, வெளிப்பெட்டி பின்சுவரில் ஏறியது, இரண்டையும் ஒரு செம்புக்குழாய் சேர்த்தது. அவள் பொத்தானை அமுக்கியபோது பெட்டி சின்னதாகக் கனைத்துக்கொண்டு வாயைத் திறந்தது.

அன்றைக்கு மத்தியானம் பாக்கியமுத்து ஈரச்சேலை இல்லாமல் தூங்கினார். சந்தனமாரி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு தன் கையைத் தொட்டுப் பார்த்தாள். கையில் மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன. அளத்தடியில் பிறந்து வளர்ந்து வாக்கப்பட்ட அவளுக்குச் பங்குனியில் குளிர்வது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தகரப்பெட்டியிலிருந்து கல்யாணச் சேலையை எடுத்துப் போர்த்திக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

கத்திரி பிறந்தது. அந்த வருஷத்துக் கத்திரி கொக்குகள் வரப்பில் இறங்காமல் மேலேயே சுற்றிவிட்டுத் திரும்பிப்போகிற அளவுக்கு இருந்தது. ஒரு நாள் உச்சியில், அவருக்குச் சோறு கொடுப்பதற்காகச் சந்தனமாரி தான் வேலை பார்க்கிற அளத்திலிருந்து வீட்டுக்கு ஓடி வந்து, கைநிறையத் தூக்குவாளியும் குடமும் இருந்ததால் கதவைக் காலால் தள்ளித் திறந்துவிட்டு உள்ளே போக, அவள் பின்னாலேயே வெயிலும் உள்ளே வந்தது. வழக்கமாகக் கதவு திறந்தால் விழுகிற வெளிச்சக் கட்டம் இல்லை அது. தெருவிலும் வரப்பிலும் பாத்தியிலும் கிடந்த வெயில் மொத்தமும் சுருட்டிக்கொண்டு வாசலில் நுழைந்து, அடுப்பங்கரையைத் தாண்டி, உள்பெட்டிக்கு நேர்கீழே சிமெண்டுத் தரையில் ஒரு ஜமுக்காளம் அளவுக்கு மஞ்சளாக விரிந்து படுத்துவிட்டது. கதவை அவள் சாத்திய பிறகும் அது அங்கேயே கிடந்தது.

சந்தனமாரி குடத்தை இறக்கிவைத்துவிட்டுக் குனிந்து தொட்டுப் பார்த்தாள். முதலில் சுட்டது. பெட்டிக்காற்று மேலே பட்டுக்கொண்டே இருக்க, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு தணிந்து, கடைசியில் தண்ணீர்ப்பானையின் வயிறுபோல ஆனது. அது மூச்சு விடுவதுபோல லேசாக ஏறி இறங்கியது. கட்டிலில் பாக்கியமுத்து காலை மடக்கிக்கொண்டு சுவரோரம் போயிருந்தார்.

"நீ செஞ்சதெல்லாம் பத்தாதா" என்றாள் அவள் வெயிலைப் பார்த்து. "வீட்டுக்குள்ளயே வந்துட்டியோ. எந்திரி."

அவள் கதவைத் திறந்து பிடித்துக்கொள்ள, வெயில் எழுந்து, வந்த வழியே போனது. அவள் தாழ்ப்பாள் போட்டாள்.

மறுநாளும் உச்சியில் அது வந்து வாசற்படியில் நின்றது. அதற்கடுத்த நாளும் நின்றது. கதவைத் தட்டவில்லை, இடுக்கு வழியாக நுழையவில்லை. படியில் நின்றுகொண்டே இருந்தது, படியின் சிமெண்டு சூட்டில் வெடிக்கிற சத்தம் மட்டும் உள்ளே கேட்டது. தெருவில் போன சவரியம்மாள், பக்கத்து வீட்டுக்காரி, சந்தனமாரியோடு ஒரே பாத்தியில் வேலை பார்க்கிறவள், ஜன்னல் வழியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "மாரி, ஒன் வாசல்ல வெயில் நின்னுக்கிட்டு இருக்கு. ஆளு வந்து நிக்க மாதிரி நிக்கி. என்னன்னு கேக்கப்பிடாதா?"

"நிக்கட்டும்" என்றாள் சந்தனமாரி.

அப்போது கட்டிலிலிருந்து பாக்கியமுத்து பேசினார். அவர் வாயிலிருந்து முழுசாக ஒரு பேச்சு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"வரட்டும், புள்ள."

"என்ன சொல்லுதிய? ஒங்களை இந்தக் கதிக்கு ஆக்கினது அதுதானே."

"விடிஞ்சதுலருந்து காய்ஞ்சுக்கிட்டு நிக்கி. அதுக்கும் களைப்பா இருக்கும்லா."

அவள் அவரைப் பார்த்தாள், தாழ்ப்பாளைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்த் திறந்தாள். வெயில் உள்ளே வந்து அதே இடத்தில் படுத்தது. பாக்கியமுத்துவின் கால்கள் மடங்கியபடியே இருந்தன, ஆனால் அவர் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. அது படுத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் பார்த்தபடியே தூங்கிப்போனார்.

வெயில் உள்ளே படுத்திருந்த நேரமெல்லாம் அளத்தடியில் வெளிச்சம் இருந்தது, வெயில் இல்லை. மேலே சூரியன் துலக்காத பித்தளைத்தட்டுபோல இருந்த இடத்தில் இருந்தது. கீழே விடிவதற்கு முந்தின நேரத்துக் காற்று வீசியது. பாத்தியில் நின்ற பெண்கள் முதல் நாள் நிமிர்ந்து பார்த்தார்கள், இரண்டாம் நாள் வாருபலகையைக் கீழே வைத்தார்கள், அதற்குப் பிறகு ரப்பர் பூட்ஸைக் கழற்றிவிட்டு வரப்பில் உட்கார்ந்து சோற்றை அவசரப்படாமல் சாப்பிடக் கற்றுக்கொண்டார்கள். அந்த நேரத்துக்கு 'வெயில் படுத்த நேரம்' என்று பேர் வந்தது. வெயில் படுத்த நேரத்துக்கு வந்துருதேன் என்று சொல்லிவிட்டு ஆட்கள் வெளியூர் போனார்கள். வெயில் படுத்த நேரம் பார்த்து ஐஸ் வண்டிக்காரன் வருவதை நிறுத்தினான், பலாப்பழக்காரன் வர ஆரம்பித்தான். கருவாடு காயப்போடுகிறவர்கள் அதற்கு முன்னும் பின்னும் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். மாதா கோயில் பங்குச்சாமியார் வந்து பார்த்துவிட்டு, இதைப் பற்றிப் பிரசங்கம் எதுவும் வேண்டாம், அது தூங்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மன் கோயில் பூசாரி ஒரு செம்பு பானகம் கொண்டுவந்து அதன் ஓரத்தில் வைத்தார். திரும்பி வந்து பார்த்தபோது செம்பு காலியாக இருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, களைத்து வந்த எவரும் அதைத்தானே செய்வார்கள்.

சந்தனமாரியின் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, மெதுவான குரலில் பேசிக்கொண்டு, வெயிலைச் சுற்றி உட்கார்ந்து, வெடித்த உள்ளங்கால்களை அதன்மேல் வைத்துக்கொண்டார்கள். குளிர்ந்த வெயில் உப்புப்புண்ணுக்கு இதமாக இருந்தது. அதன் நடுவில் மட்டும் யாரும் மிதிக்கக் கூடாது என்று சவரியம்மாள் தானாகவே ஒரு சட்டம் போட்டு, வாசலில் உட்கார்ந்து காவல் பார்த்தாள்.

ஒரு சங்கடம் மட்டும் வந்தது. வெயில் உள்ளே படுத்துவிட்டால் வெளியே தகடுகளுக்கு வெயில் கிடையாது, பெட்டி தானாகக் கரண்டுக்கு மாறிக்கொள்ளும். ஒரு நாள் கரண்டும் போய்விட்டது. பெட்டி வாயை மூடியது. புழுக்கத்தில் வெயில் புரண்டது, எழுந்து வெளியே போய்த் தகடுகள்மேல் ஏறி நின்றது, பெட்டி ஓட ஆரம்பித்ததும் உள்ளே வந்து படுத்தது, படுத்ததும் பெட்டி நின்றது. இப்படிப் போவதும் வருவதுமாக அலைந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கடைசியில் வெயிலே ஒரு யோசனை பண்ணி, தன்னில் ஒரு துண்டைக் கிழித்துத் தகடுகள்மேல் நிறுத்திவிட்டு, மிச்சத்தோடு உள்ளே வந்து படுத்தது. அன்றிலிருந்து தினமும் ஒரு துண்டு வெளியே நின்றது. ரேவதி வந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, முறை போட்டுக்கிடுது" என்று சொல்லிச் சிரித்தாள்.

கங்காணி தங்கப்பழம் முதலாளியிடம் சொல்லாமல் இருக்க முடிந்தவரைக்கும் இருந்தார். பிறகு சொன்னார். எட்வின் முதலாளி காரில் வந்து இறங்கி, சந்தனமாரி வீட்டு வாசலில் நின்றவர்கள் எல்லோரும் தன் காலையே பார்த்ததால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். குனிந்து வெயிலைத் தொட்டார், தொட்ட கையை எடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு கட்டில் பக்கம் திரும்பினார்.

"பாக்கியமுத்து, இது இங்க வந்து படுத்துக் கெடந்தா பாத்தியில யாரு வேலை பாக்கது? உப்பு விளைய மாட்டேங்குதே. எழுப்பி அனுப்பு."

"கொஞ்ச நேரந்தான் முதலாளி" என்றார் பாக்கியமுத்து. வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துச் சொன்னார். "அன்னைக்கு நானும் அவ்வளவுதான் கேட்டேன்."

வாசலில் நின்ற தங்கப்பழம் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். முதலாளிக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"நாளையிலருந்து மத்தியானத்துல கதவு சாத்தியிருக்கணும், சந்தனமாரி. திறந்திருந்தா நீ வேலைக்கு வர வேண்டாம். மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாத."

அன்று சாயங்காலம் ரேவதி அம்மாவோடு உட்கார்ந்து அரிசி புடைத்தபடி, "மத்தியானத்துல சாத்திருவோம்மா. அப்பாவுக்கு ஏசி ஓடினாப் போதும். ஞாயித்துக்கிழமை மட்டும் அதை வரச் சொல்லுவோம்" என்றாள்.

சந்தனமாரி முறத்தைக் கீழே வைத்தாள். போன மாதம் என்றால் அவளே சந்தோஷமாகச் சாத்தியிருப்பாள். இப்போது அவளுக்குத் தரையில் அது ஏறி இறங்கி மூச்சு விடுவது கண்ணுக்குள் வந்தது; அதைவிடவும், இரண்டு நாளாக அவர் காலை மடக்காமல் நீட்டிப் படுத்திருந்தது வந்தது.

"கொஞ்ச நேரம் உக்காரப் போகாதன்னு அன்னைக்கு அவுககிட்ட ஒரு ஆளு சொன்னதைத்தான் நான் ஒரு வருஷமா ஈரத்துணி வச்சுத் தொடச்சுக்கிட்டு இருக்கேன்" என்றாள். "அதை என் வாயாலயும் சொல்லவா?"

மறுநாள் காலையில் அவள் அளத்துக்குப் போகவில்லை. அம்மிக்குழவியை உருட்டிக்கொண்டு வந்து கதவு சாத்தாதபடி முட்டுக் கொடுத்துவிட்டு, வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.  உரித்தது போதும் என்று தோன்றிய பிறகும் உரித்துக்கொண்டே இருந்தாள்.

அளத்தில் சவரியம்மாள் கங்காணியிடம் சந்தனமாரி எங்கே என்று கேட்டாள். அவளை நிறுத்தியாச்சு என்றார் அவர். சவரியம்மாள் வரப்பில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள் உட்கார்ந்தாள், அவளைப் பார்த்து அதற்கடுத்தவள். யாரும் கோஷம் போடவில்லை, சத்தமாகப் பேசக்கூட இல்லை. சேலை முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி போனில் கூப்பிட்டு வேலை எப்படி நடக்கிறது என்று விசாரித்தபோது தங்கப்பழம் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"யாரும் எறங்கலை முதலாளி" என்றார். "நானும் எறங்கலை."

பாத்திகள் வாராமல் கிடந்தன. காலையிலும் பிற்பகலிலும் வெயில் தன் வேலையைச் செய்தது, உச்சியில் வந்து படுத்தது. அவசரப்படாத அந்த வெயிலில், யாரும் கலைக்காத தண்ணீரில், உப்பு மெதுவாகத் திரண்டது. முதலாளி பேச்சுவார்த்தைக்கு என்று வந்தவர் பாத்தியோரம் நின்று கையை விட்டு ஒரு கட்டியை எடுத்தார். அது கற்கண்டுபோல முனை முனையாக, உள்ளே பார்த்தால் விரல் தெரிகிற மாதிரி இருந்தது, அந்த அளத்தில் அப்படி உப்பு விளைந்ததே இல்லை. நாக்கில் வைத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்து வேட்டி மடியில் முடிந்துகொண்டார். யாரோடும் எதுவும் பேசாமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் தங்கப்பழம் முதலாளி சொன்னதாக வீடு வீடாகப் போய்ச் சொன்னார்: விடிவதற்கு முன்னால் இறங்க வேண்டும், உச்சியில் கரை ஏற வேண்டும், வெயில் எழுந்து வந்த பிறகு மறுபடி இறங்க வேண்டும், நடுவில் யாரும் பாத்திப்பக்கம் போகக் கூடாது. கடைசியாகச் சந்தனமாரி வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"நீயும் நாளைக்கு வந்துரு" என்றார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி" என்று கூப்பிட்டார்.  கட்டிலிலிருந்து பாக்கியமுத்து, "உள்ள வந்து உக்காரும்" என்றார். தங்கப்பழம் வந்து வெயிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் அது எழுகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆனி போய் ஆடி வந்தது. காற்று அடித்தது, கத்திரி எப்போதோ கழிந்துவிட்டது, ஆனாலும் வெயில் வருவதை விடவில்லை. வழக்கமாகிப்போன இடத்துக்கு யாரும் வந்துகொண்டுதான் இருப்பார்கள். ஒரு நாள் அது படுத்து எழுந்து, சோம்பல் முறிப்பதுபோலச் சுவரில் ஒரு தடவை ஏறி இறங்கி, வாசலைப் பார்த்துப் போனது. சந்தனமாரி இரண்டாவது தடவை அளத்தில் இறங்குவதற்காகத் தலைத்துண்டைக் கட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் கட்டில் கிரீச்சிட்டது. திரும்பினாள். பாக்கியமுத்து எழுந்து நின்றுகொண்டிருந்தார். சுவரைப் பிடித்தார், அடுப்புத் திட்டைப் பிடித்தார், நிலையைப் பிடித்தார். முன்னால் போன வெயில் படியில் கொஞ்சம் தயங்கி, பிறகு தெருவில் இறங்கியது. அவரும் இறங்கினார்.

"ஏங்க" என்றாள் அவள். கூடவே போனாள்.

வெயில் அவர் தலையில் விழுந்தது, தோளில் விழுந்தது. அவர் கண்ணை இடுக்கிக்கொண்டார், ஆனால் நின்றார். சவரியம்மாள் தன் வாசலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பார்க்காததுபோல மறுபடி குனிந்துகொண்டாள். அவர் அளத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். மெதுவாகத்தான் நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் சந்தனமாரி கையால் கண்ணை மறைத்துக்கொள்வதைக் கண்டார். மேற்கே சாய்ந்த வெயில் பக்கவாட்டில் அவள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் அவளைச் சுற்றி அந்தப் பக்கமாக வந்து, அவளுக்கும் வெயிலுக்கும் நடுவில் நடந்தார், அவருடைய நிழல் அவள் மேல் விழுந்தது, அதற்குள் அவள் நடந்து போனாள்.